குழந்தைக்காகவே போகிறவர்

வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவரின் பிடரியில் மூச்சு விடுகிறவர்கள் ஓர் இனம். லிஃப்ட் பொத்தானில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அதை இன்னும் நாலு முறை அழுத்துகிறவர்கள் இன்னோர் இனம். இவர்களையெல்லாம் நீங்கள் அறிவீர்கள். இவர்களைத் திட்டித் திட்டி ஊருக்கே வாய் ஓய்ந்துவிட்டது. ஆனால் அண்மைக் காலத்தில் மளமளவென்று பெருகிவரும் ஓர் இனத்தை மட்டும் யாரும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. அவர்தான் குழந்தைக்காகவே வெளிநாடு போகிறவர்.

விமான நிலையத்தில் இவரை அடையாளம் காண்பது எளிது. கையில் ஒரு தள்ளுவண்டி இருக்கும். அந்த வண்டியில் பால்புட்டிகள் இருக்கும், டயப்பர் மூட்டை இருக்கும், மடக்குக் குடை, வெந்நீர்க் குடுவை, நாலு சட்டை, நாலு சட்டைக்கும் மாற்றாக இன்னொரு நாலு சட்டை, எல்லாம் இருக்கும். குழந்தை மட்டும் இருக்காது. குழந்தை அம்மாவின் இடுப்பில் இருக்கும். "எங்கே பயணம்?" என்று நீங்கள் கேட்க வேண்டாம். கேட்காமலேயே சொல்வார்: "நமக்கென்னங்க, எல்லாம் குழந்தைக்காகத்தான்."

குழந்தை கேட்டதா? கேட்கவில்லை. கேட்கும் வயதும் இல்லை. அதற்கும் இவரிடம் பதில் தயாராக இருக்கும். ஒன்று, "இந்த வயசுலதான் மூளை வளருது." இரண்டு, "இப்பப் பார்த்தது ஆழ்மனசுல பதிஞ்சிடும்." நீங்கள் விடாப்பிடியாக நின்றால் கடைசியாக, "ஞாபகம் இல்லாட்டி என்ன, போட்டோ இருக்கும்ல?" மூன்றாவது பதில் வந்தவுடன் முதல் இரண்டும் செத்துப்போகின்றன என்பது அவருக்குத் தெரியாது. நீங்களும் சொல்லாதீர்கள், பாவம்.

இந்த இனத்தில் தேர்ந்த மாதிரி ஒன்றை உங்களுக்குக் காட்டுகிறேன். நம்மவர் வேலை பார்ப்பது பேருந்து டெப்போவில். அங்கே கால அட்டவணை போடுகிறவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த வாசலில் புறப்பட வேண்டும், எந்த ஓட்டுநர் எந்த நிறுத்தத்தில் இறங்கி ஏழு நிமிடம் முதுகை நிமிர்த்தலாம், மழை பெய்தால் எந்தத் தெருவைச் சுற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர் பென்சிலில்தான் இருக்கிறது. விடிகாலை நாலு மணிக்கு மேசையில் உட்கார்ந்தால் பதினொன்றரைக்கு எழுந்திருப்பார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தால் மாலை ஐந்துக்கு விழிப்பார்.

இவருக்குப் பத்து மாதத்தில் ஒரு மகள். வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். சிட்டுவுக்குப் பகலில் ஒரே ஒரு தூக்கம்தான், சரியாக மாலை ஐந்திலிருந்து ஏழு வரை. அப்பா எழும்போது மகள் படுப்பாள். மகள் எழுந்து முகம் கழுவிச் சிரிக்கும்போது அப்பா கொட்டாவி விட்டுக்கொண்டு மறுநாள் விடிகாலைக்காகப் படுக்கைக்குப் போவார். ஒரே வீட்டில் இரண்டு ஷிஃப்ட். ஊரில் இரண்டு லட்சம் பேரை நேரத்துக்குக் கொண்டு சேர்க்கிறவருக்குத் தன் மகளோடு மட்டும் இணைப்பு வண்டி கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆசையோடு தூக்கினால் அவள் வில்லாக வளைந்து, 'யார் இந்த ஆள்?' என்று அம்மாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். அவர் உடனே திருப்பிக் கொடுத்துவிட்டு, "பசி போல" என்பார். பசி இல்லை என்று அவருக்குத் தெரியும்.

வெளிநாட்டில் ஒரு கேளிக்கைப் பூங்கா இருக்கிறது, அங்கே தினமும் மூன்று மணிக்கு ஓர் ஊர்வலம் வருகிறது, ஊர்வலத்தில் ஆளுயர நீல முயல் ஒன்று வந்து குழந்தைகளிடம் கை குலுக்குகிறது என்று அவர் எங்கோ பார்த்துவிட்டார். அன்றே முடிவாகிவிட்டது. இதைக் குடும்பமே கூடியிருந்த ஒரு மாலையில் அவர் அறிவித்தபோது, சோபாவில் சாய்ந்திருந்த சகலை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சகலை வீடு கட்டும் ஒப்பந்தக்காரர். ஆறு மாதத்தில் கையில் ஒரு பையன் உண்டு என்பதால் குழந்தை வளர்ப்பிலும் கருத்து உள்ளவர்.

"சகலை, பத்து மாசக் குழந்தைக்கு முயலும் ஒண்ணுதான், முறமும் ஒண்ணுதான். அதுக்குப் போய் விமானம் ஏறணுமா?"

"பாருங்க சகலை. முயலைப் பாத்து எம் பொண்ணு சிரிப்பா. அந்தச் சிரிப்போட போட்டோ உங்க கைக்கு வரும்."

"வரலைன்னா?"

"வரும்."

அவ்வளவுதான். பந்தயம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து நம்மவருக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று: மூன்று மணிக்கு சிட்டு கண் திறந்திருக்க வேண்டும், நீல முயலைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதுவும் தன் தோளில் உட்கார்ந்து சிரிக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை அவர் சகலையிடம் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை.

சாதாரண ஆளாக இருந்தால் டிக்கெட் எடுத்துவிட்டு சும்மா இருந்திருப்பார். நம்மவர் பென்சிலை எடுத்தார். அந்த நாட்டுக் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஊர்வலம் மூன்று மணிக்கு. மூன்றும் இரண்டரையும் ஐந்தரை. ஆக, முயல் வரும் வேளையில் சிட்டுவின் உடம்புக்கு மாலை ஐந்தரை. ஐந்து முதல் ஏழு வரை அவள் தூக்கம். போச்சு! ஊர்வலம் முழுவதும் தூக்கத்திலேயே போய்விடும். ஊர்வலத்தை நகர்த்த முடியாது, தூக்கத்தை நகர்த்தலாம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் வீதம் முப்பது நாள். ஐந்து மணித் தூக்கம் பன்னிரண்டு மணிக்கு வந்துவிடும்.

"குழந்தை என்ன பஸ்ஸா, புறப்படற நேரத்தை மாத்தறதுக்கு?" என்று மனைவி கேட்டாள். மருந்துக்கடையில் மருந்தாளுநர். பிரசவ விடுப்பில் இருந்தாள். பத்து மாதமாகச் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் தூங்கியதில்லை.

"நீ படு. நான் பாத்துக்கறேன்" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் எல்லாவற்றுக்கும் சம்மதித்தாள்.

முப்பது நாள் நடந்ததைக் கேளுங்கள். முதல் நாள் சிட்டு நாற்பது நிமிடம் அழுதாள். இரண்டாம் நாள் அவர் மூக்குக் கண்ணாடியை உடைத்தாள். அவருக்குத் தாலாட்டு ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் பதினேழாம் நம்பர் வண்டியின் நிறுத்தங்கள். தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தபடியே, ஒரே சுருதியில், "டெப்போ... மணிக்கூண்டு... பழைய ஆஸ்பத்திரி... தண்ணித் தொட்டி... மில் வாசல்..." என்று ஆரம்பித்தார். முதல் வாரம் வண்டி கடைசி நிறுத்தம் போய்த் திரும்பி வந்தது. இரண்டாம் வாரம் மில் வாசலிலேயே சிட்டு சாய்ந்தாள். நாலாவது வாரம் மணிக்கூண்டு தாண்டவில்லை. தன் தூக்கத்தை விட்டுவிட்டு அவள் தூக்கத்தை நகர்த்தியதில் அவர் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது, டெப்போவில் நாற்பத்திரண்டாம் நம்பர் வண்டியை ஒரு நாள் இரண்டு முறை அனுப்பிவிட்டார். ஆனால் முப்பதாம் நாள் பகல் பன்னிரண்டு அடித்தபோது சிட்டு தூங்கிக்கொண்டிருந்தாள். சகலைக்குச் செய்தி பறந்தது: "ஆள் ரெடி."

விமானம் இறங்கும் நேரம். சிட்டு அட்டவணை பிசகாமல் பன்னிரண்டுக்கே அவர் மடியில் தூங்கிப்போயிருந்தாள். அவர் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டரை. அப்போது விமானியின் குரல் வந்தது. பயணிகள் தங்கள் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே நகர்த்திக்கொள்ளலாம் என்றது. நம்மவர் கடமை தவறாதவர். முள்ளைத் திருகினார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றில் நின்றது. கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி. மகளைப் பார்த்தார். குறட்டை. மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

கழிக்க வேண்டியதைக் கூட்டிவிட்டார். அங்கே மூன்று என்றால் இங்கே பன்னிரண்டரை. அவர் கைவைக்காமல் சும்மா விட்டிருந்தால் சிட்டு அந்த நேரத்தில் கொட்டக் கொட்ட விழித்திருப்பாள். சிரிக்கிறீர்களா? மூன்றும் இரண்டரையும் ஐந்தரை என்று மேலே படித்தபோது நீங்களும் தலையை ஆட்டிக்கொண்டுதானே வந்தீர்கள்?

"என்னங்க, ஏன் முகம் இப்படி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்ல. காது அடைக்குது."

மறுநாள் காலை பூங்கா திறக்கும்போது முதல் ஆளாக வாசலில் நின்றார்கள். புதுத் திட்டம் ஒன்று தயாராக இருந்தது. காலையிலேயே சிட்டுவைக் களைப்படையச் செய்து பதினொரு மணிக்குத் தூங்க வைத்துவிட்டால் மூன்றுக்கு விழித்திருப்பாள். ஆகவே கோட்டைக்குள் போனார்கள். அந்தக் கோட்டையில் பளிங்குத் தூண்கள், பாடும் பறவைகள், தலைக்கு மேலே மிதக்கும் நட்சத்திரங்கள். சிட்டு வெளியேறும் வழியைக் காட்டும் பச்சை விளக்கை மட்டும் பார்த்தாள். படகில் ஏறினார்கள். இருபுறமும் பொம்மைகள் ஆடின. சிட்டு படகின் பாதுகாப்புப் பட்டையைக் கடித்துச் சுவைத்தாள். ராட்சத ராட்டினத்தில் ஏறக் குறைந்தபட்ச உயரம் வேண்டும் என்று பலகை சொன்னது. சிட்டுவைப் போல இரண்டு பேரை ஒருவர் மேல் ஒருவராக நிறுத்தினால்தான் அந்த உயரம் வரும். ஆகவே குழந்தைக்காகவே வந்தவர் குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு ஒரு சுற்று போய் வந்தார். பிறகு மனைவி ஒரு சுற்று போய் வந்தாள். இருவரும் தனித்தனியாக அலறினார்கள்.

அன்று சிட்டு ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் சிரித்தாள். பதினொன்று இருபதுக்கு. பூங்காவைக் கூட்டும் பெண்மணி ஒருத்தி நீளக் கைப்பிடி வைத்த குப்பை முறத்தை 'டப்' என்று தரையில் வைத்தாள். அது வாயைத் திறந்தது. சிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். அந்த அம்மாள் அடுத்த பக்கம் போய் இன்னொரு 'டப்'. இன்னொரு சிரிப்பு. மனைவி, "போட்டோ எடுங்க, போட்டோ எடுங்க" என்றாள். அவர், "முயலுக்கு சார்ஜ் வேணும்" என்று போனைப் பைக்குள் வைத்தார். முயலும் முறமும் ஒன்று என்று சகலை சொன்னது தவறு. முறம் ஒரு படி மேல்.

பதினொரு மணிக்கு அவள் தூங்கவில்லை. பன்னிரண்டுக்கும் தூங்கவில்லை. இரண்டு மணிக்கு நம்மவர் ஊர்வலப் பாதையின் ஓரம் கயிற்றை ஒட்டி முதல் வரிசையில் இடம் பிடித்தார். அங்கே நின்றபடி கணக்குப் பிசகிய கதையை மனைவியிடம் ஒப்புக்கொண்டார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தலையைச் சுத்தி மூக்கைத் தொடறவங்களைப் பாத்திருக்கேன். நீங்க தலையைச் சுத்தி அடுத்தவன் மூக்கைத் தொட்டிருக்கீங்க."

"இன்னும் ஒரு மணி நேரம்தானே? முழிக்க வெச்சிடலாம்."

போனில் சகலையின் செய்தி வந்து விழுந்தது: "முயல் வந்ததா, முறம் வந்ததா?"

இரண்டரைக்கு சிட்டுவின் கண் செருகத் தொடங்கியது. அம்மா இடுப்பில் இருந்தவளை அவர் வாங்கித் தோளில் உட்கார வைத்தார். வளையவில்லை, உதட்டைப் பிதுக்கவில்லை. அதைக் கவனிக்க அப்போது அவருக்கு நேரமில்லை. தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது. அவளை உற்சாகப்படுத்த வேண்டும், வரப்போவதையெல்லாம் சொன்னால் ஆவல் வரும் என்று நினைத்தவர், கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். "சிட்டு, முதல்ல குதிரை வண்டி வரும்... அடுத்து பலூன்காரங்க... அடுத்து பெரிய கப்பல்... அதுக்கடுத்து நீல முயல்..."

அட்டவணைக்காரருக்கு வேறு சுருதி தெரியாது. பதினேழாம் நம்பர் சுருதிதான். பலூன்காரர்கள் வருவதற்குள் சிட்டு அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துவிட்டாள்.

ஊர்வலம் வந்தது. முரசு அதிர்ந்தது, வாண வேடிக்கை வெடித்தது, சுற்றியிருந்த குழந்தைகள் எல்லாம் கூச்சலிட்டார்கள். சிட்டுவின் மூச்சு அவர் காலரை நனைத்துக்கொண்டிருந்தது.

"எழுப்பு, எழுப்பு" என்று பதறினார். "இன்னும் ரெண்டு வண்டி தாண்டினா முயல்."

"என்கிட்டக் குடுங்க" என்றாள் மனைவி. "உங்க தோள்னா தூக்கம்னு அவளுக்குப் பழகிடுச்சு. என் கைக்கு வந்தா முழிச்சுக்குவா."

அது உண்மை. அவருக்கும் தெரிந்தது. அவர் சிட்டுவை மெதுவாகத் தோளிலிருந்து எடுத்து நீட்டினார். பாதி தூரம் வந்த குழந்தை கண்ணைத் திறக்காமலே கையைத் துழாவி அவர் சட்டையைப் பற்றிக்கொண்டு, பிடித்த பிடியில் தொங்கியது. நம்மவர் அப்படியே நின்றார். இத்தனை மாதத்தில் அவள் அவரிடமிருந்து அம்மாவிடம் போகத்தான் அழுதிருக்கிறாள். போக மாட்டேன் என்றது இதுதான் முதல் தடவை. நீட்டிய கையை மடக்கி அவளை மறுபடி தோளில் சாய்த்துக்கொண்டார்.

"இல்ல. தூங்கட்டும்" என்றார்.

"முயல்?"

"முயல் கிடக்கு."

முயல் வந்தேவிட்டது. கயிற்றோரமாகக் கை குலுக்கிக்கொண்டே வந்த அந்த ஆளுயர நீல உருவம் இவர்கள் முன்னால் நின்றது, தூங்கும் குழந்தையைக் குனிந்து பார்த்தது, தன் பெரிய பஞ்சுக் கையை வாயில் வைத்து 'உஷ்' என்றது. அன்று முழுவதும் குதித்துக் களைத்திருந்த உள்ளே இருக்கும் மனிதருக்கும் ஒரு நிமிடம் சும்மா நிற்க ஒரு சாக்கு வேண்டியிருந்ததோ என்னவோ, அவர்கள் பக்கத்தில் அசையாமல் நின்றது.

இத்துடன் கதையை முடித்தால் நம்மவர் பெரிய மனிதர் ஆகிவிடுவார். ஆனால் இனம் இனம்தானே? முயல் நிற்பதைப் பார்த்ததும் அவருக்குச் சகலை நினைவு வந்துவிட்டது. தாழ்ந்த குரலில், "பின்னாடி கடையில சின்னக் கூலிங் கிளாஸ் தொங்குது பாரு, சீக்கிரம்" என்றார். மனைவி ஓடினாள். தூங்குகிற சிட்டுவின் முகத்தை மெல்ல வெளியே திருப்பினாள்; மூக்கில் இளஞ்சிவப்புக் கண்ணாடி ஏறியது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மனைவி போனைத் தூக்கிப் பிடித்தாள். முயல் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், நடுவில் உலகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கும் மகள்.

பிறகு நிழலில் ஒரு பெஞ்சில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இடது கை மரத்துப்போனது. மனைவி பக்கத்திலேயே சாய்ந்து தூங்கினாள். போன காசுக்கு அந்தப் பூங்காவில் அவர் பார்த்தது எதிரே இருந்த ஒரு குப்பைத் தொட்டியைத்தான். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர் எங்கேயும் உட்கார்ந்ததில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பியதும் இதை யாரிடமாவது சொன்னாரா? மூச்சு விடவில்லை. டெப்போவில், மாடிப்படியில், மருந்துக்கடை வாசலில், பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "என்னமா ரசிச்சா தெரியுமா!"

போட்டோ குடும்பம் முழுக்கக் கை மாறியது. "ஐயோ, எப்படிச் சிரிக்கறா!" என்றார்கள். கடைசியாக அது சகலையின் கைக்குப் போனது. அவர் கட்டடத்தில் விரிசல் தேடிப் பழகிய கண்ணால் இரண்டு விரல் வைத்துப் பெரிதாக்கினார். வாயோரம் ஒரு சொட்டு எச்சில். அது அப்பாவின் காலரில் இறங்கிக்கொண்டிருந்தது. சகலை நம்மவரைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"தூங்கறாதானே சகலை?"

நம்மவர் தெருவைப் பார்த்தார். "ம்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம்."

"முழு நேரமும் உங்க தோள்லயேவா?"

"இறங்கவே மாட்டேன்னுட்டா."

சகலை சிரிப்பார் என்று அவர் காத்திருந்தார். சகலை சிரிக்கவில்லை. உள்ளே சகலையின் பையன் யாரோ தூக்கியதற்கு அழும் சத்தம் கேட்டது. சகலை அந்தப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"நான் தூக்கினா இன்னும் ஜாஸ்தியா கத்துறான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ஊர்வலம் எத்தனை மணிக்குன்னு சொன்னீங்க?"

ஆகவே வாசகரே, வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ஜாக்கிரதை. இது தொற்றுகிற சங்கதி. எனக்கு வராது, நான் இதைப் படித்துச் சிரித்தவன்தானே என்று நீங்கள் நினைக்கலாம். சகலையும் முதலில் உங்களைப் போலத்தான் சிரித்தார்.